பேயாவதற்கு முன் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது

தமிழில் பேய்ப்படம் எடுக்கும் இயக்குநர்களுக்கும் திரைக்கதை ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே, வணக்கம்.

பேய்ப்படங்களை விரும்பிப் பார்ப்பவள் என்ற உரிமையில் இந்த மடலை எழுதுகிறேன். இந்த வகைப் படங்கள்மீது எனக்கு இளக்காரம் கிடையாது. குடும்பப் படங்களும் காதல் படங்களும் தொடத் தயங்குகிற கொலை, பாலியல் வன்முறை, நில அபகரிப்பு, குடும்ப மானம் என்ற பெயரில் நடக்கும் கொடுமைகள் எல்லாவற்றையும் துணிந்து கதைக்குள் கொண்டுவருவது பேய்ப்படம்தான். புதைத்த ஒன்று புதைந்தே கிடக்காது என்பது இந்த வகையின் அடிப்படை விதி. அந்த விதியில் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் புதைந்ததைத் தோண்டி எடுத்த பிறகு அதை நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் எனக்கு நெடுநாள் மனத்தாங்கல் இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் என் அக்காள் மகளை ஒரு பேய்ப்படத்துக்கு அழைத்துச் சென்றேன். அவளுக்கு 13 வயது. படத்தின் பெயர் இங்கே தேவையில்லை. கதை உங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பழைய பங்களா, புதிதாகக் குடிவரும் குடும்பம், நடு இரவில் கொலுசுச் சத்தம், இடைவேளை நேரத்தில் கண்ணாடியில் ஒரு முகம். பேய் வந்தபோதெல்லாம் அவள் இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு, விரல் இடுக்கு வழியாகப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். இடைவேளைக்குப் பிறகு ஃப்ளாஷ்பேக் வந்தது. நான்கு ஆண்கள், தாழிட்ட கதவு, தரையில் சிதறும் கண்ணாடி வளையல்கள். இப்போது அவள் முகத்தை மூடவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, தன் செருப்பின் வாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். காட்சி முடிந்துவிட்டதா என்று மெல்லக் கேட்டாள். வீடு திரும்பும் வழியில் வெகுநேரம் பேசாமல் வந்தவள், "சித்தி, அந்தப் பேய்க்குப் பேரே கடைசிலதான் சொல்றாங்க" என்றாள்.

அவள் சொன்னதற்குப் பிறகு, நான் பார்த்த பேய்ப்படங்களை எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்து பார்த்தேன். பெரும்பாலானவற்றில் ஒரே வரிசைதான் இருக்கிறது. பெண் முதலில் ஓர் அச்சமாக அறிமுகமாகிறாள். பிறகு அவளுக்கு நேர்ந்த கொடுமை காட்டப்படுகிறது. அந்தக் கொடுமையின் வழியாகத்தான் அவளுக்கு ஒரு பெயரும், ஊரும், ஆசைகளும் கிடைக்கின்றன. அடுத்து வேறொருவரின் உடலை இரவல் வாங்கிப் பழிதீர்க்கிறாள். கடைசியில், வேலை முடிந்துவிட்டது என்பதுபோல, ஒரு பூசையோடோ ஒரு கண்ணீரோடோ அனுப்பி வைக்கப்படுகிறாள். வீட்டை விலைக்கு வாங்கிய குடும்பம் நிம்மதியாகச் சாப்பிட உட்காருகிறது. உயிரோடு இருந்த காலத்தில் அவளுக்குக் கிடைக்காத நீதி, செத்த பிறகு இரண்டு மணி நேரத்தில் கிடைத்துவிடுகிறது. பார்ப்பவர்களுக்கும் நெஞ்சு லேசாகிவிடுகிறது. காவல் நிலையமும் நீதிமன்றமும் ஊரும் உறவும் அவளைக் கைவிட்டதைப் பற்றி யாரும் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

அந்த ஃப்ளாஷ்பேக்கைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். கொலையாவதற்கு முந்தைய பத்து நிமிடங்களில் அந்தப் பெண் எப்படிக் காட்டப்படுகிறாள் என்று பாருங்கள். விடியற்காலையில் கோலம் போடுகிறாள். ஆதரவற்ற குழந்தைகளுக்குச் சோறு ஊட்டுகிறாள். தெருவைக் கடக்க முடியாத முதியவரின் கையைப் பிடித்துக்கொள்கிறாள். மழையில் ஒரு பாட்டு, கோயிலில் ஒரு விளக்கு. இவ்வளவும் எதற்காக என்றால், இவள் நல்ல பெண், ஆகவே இவள் சாவுக்கு நீங்கள் வருந்தலாம் என்று பார்வையாளருக்குச் சான்றிதழ் காட்டுவதற்காக. கோபக்காரியாக, கடன் வாங்கியவளாக, ஒருவனைக் காதலித்துப் பிறகு வேண்டாம் என்று சொன்னவளாக, குடிப்பவளாக, கணவனை விட்டு விலகி வந்தவளாக அவள் இருந்திருந்தால் அவளுக்கு நேர்ந்தது கொடுமை இல்லையா? வழக்கு மன்றத்தில் பாதிக்கப்பட்ட பெண்ணின் நடத்தையைக் கேள்வி கேட்கக்கூடாது என்று எத்தனையோ ஆண்டுகள் போராடித்தான் சட்டத்தை மாற்றினார்கள். நம்முடைய திரைக்கதைகள் இன்னும் அவளிடம் நடத்தைச் சான்றிதழ் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

அமெரிக்கத் திகில் படங்களை ஆராய்ந்த கரோல் குளோவர் என்ற பேராசிரியை, 1987இல் எழுதிய கட்டுரை ஒன்றில் 'கடைசிப் பெண்' என்ற ஒரு பாத்திர வகையை அடையாளம் காட்டினார். கொலைகாரன் ஒவ்வொருவராகக் கொன்றுகொண்டே வருவான். எல்லோரும் செத்த பிறகு ஒரு பெண் மட்டும் எஞ்சி நின்று அவனை எதிர்கொள்வாள். ஒழுக்கமானவளாக இருந்தால்தான் அவள் பிழைக்கிறாள் என்ற குறை அங்கேயும் உண்டு. அதைப் பெண்ணியர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். ஆனால் அந்தக் கடைசிப் பெண்ணுக்கு உயிராவது மிஞ்சுகிறது. நம் படங்களில் இருப்பவள் முதல் பெண். கதை தொடங்குவதற்கு முன்பே அவள் செத்திருக்க வேண்டும். அவள் சாகாவிட்டால் உங்களுக்குக் கதையே இல்லை.

அச்சம் யாருடையது என்ற கேள்வியும் இதோடு சேர்ந்தது. ஆளரவமற்ற சாலையில் நள்ளிரவில் தனியாக நிற்கும் பெண் என்பது நீங்கள் திரும்பத் திரும்பக் காட்டும் சட்டகம். வண்டியில் வரும் ஆண் அவளைக் கண்டு நடுங்குகிறான். அதே சாலையில், அதே நேரத்தில், உண்மையில் நடுங்கிக்கொண்டு நிற்பவள் அந்தப் பெண். பின்னால் வரும் வண்டி வேகம் குறைகிறதா, விளக்கை அணைக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு, கைப்பையில் இருக்கும் சாவியை விரல்களுக்கிடையே செருகிக்கொண்டு நடக்கிறவர்களில் நானும் ஒருத்தி. எங்கள் அச்சத்தை எடுத்து, அதன் திசையை அப்படியே திருப்பி, எங்களையே அச்சுறுத்தும் பொருளாக ஆக்கி எங்களிடமே டிக்கெட்டுக்கு விற்கிறீர்கள். இதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

பேயின் ஒப்பனையையும் சற்று நெருங்கிப் பாருங்கள். விரித்த கூந்தல், பெரிய பொட்டு, கொலுசு, மல்லிகை வாசம், வெள்ளைச் சேலை. முதல் நான்கும் அன்றாடம் பெண்ணுக்கு அழகு என்று சொல்லப்படுபவை. கடைசியாகச் சொன்ன வெள்ளைச் சேலை, கணவனை இழந்தவள்மீது இந்தச் சமூகம் விதித்த உடை. நல்ல காரியங்களில் எதிரே வரக்கூடாது, முகத்தில் விழிக்கக்கூடாது என்று ஒதுக்கி வைக்கப்பட்ட பெண்களின் உடையையே பேய்க்குச் சீருடையாகத் தைத்திருக்கிறோம். அந்த உடையை வாழ்நாள் முழுவதும் உடுத்திய பாட்டிகள் நம் எல்லோர் குடும்பத்திலும் இருந்தார்கள்.

இதெல்லாம் நம் மரபில் உள்ளதுதானே, நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்தோமா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆகவே மரபுக்கே போவோம்.

பழையனூர் நீலியின் கதையை நீங்கள் அறிவீர்கள். வேறொருத்திக்காகக் கணவனால் கொல்லப்பட்டவள் அவள். அடுத்த பிறவியில் அவன் வணிகனாக வரும்போது, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, 'இவன் என் கணவன், என்னைக் கைவிட்டு ஓடுகிறான்' என்று ஊரார் முன் அழுகிறாள். அவளை நம்பி, அவனுக்கு எந்தத் தீங்கும் வராது என்று வாக்குக் கொடுத்து அவளோடு இரவு தங்க வைக்கிறார்கள் எழுபது வேளாளர்கள். அவன் கொல்லப்பட்டதும், கொடுத்த வாக்குக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். திருவாலங்காட்டுப் பகுதியில் இன்றும் அந்த வேளாளர்களின் வாய்மையைப் போற்றுகிறார்கள். நீலிக்குக் கிடைத்தது என்ன? 'நீலிக் கண்ணீர்' என்ற சொல். பொய்யழுகைக்கு நம் மொழி வைத்த பெயர் அது. கொலையுண்ட ஒருத்தியின் கண்ணீரை எடுத்து, பெண்கள் அழுதால் நம்பாதே என்பதற்கு எடுத்துக்காட்டாக ஆக்கிவிட்டோம். பாலியல் புகார் கொடுக்கும் பெண்ணைப் பார்த்து இன்றைக்கும் யாராவது ஒருவர் இந்தச் சொல்லைப் பயன்படுத்திவிடுகிறார்.

ஆனால் மரபு அந்த ஒரு கதையோடு நின்றுவிடவில்லை. குமரி, நெல்லை மாவட்டங்களில் இசக்கியம்மனாக வணங்கப்படுபவளின் கதை நீலி கதையோடு பின்னிப் பிணைந்தது. நகைக்காகக் கொல்லப்பட்ட பெண்ணொருத்தி சினந்து எழுந்து, பின்னர் தெய்வமாக அமர்ந்த கதை அது. முப்பந்தலில் அவளுக்குக் கோயில் இருக்கிறது. கையில் குழந்தையோடு இருக்கும் அவளிடம்தான் பிள்ளை வரம் கேட்டும், பிள்ளைக்கு நோய் தீர வேண்டியும் பெண்கள் போகிறார்கள். மணமாகாமல் இறந்துபோன பெண்ணைக் கன்னித் தெய்வமாக வைத்து, ஆண்டுக்கொரு முறை புதுப்பாவாடையும் வளையலும் படைக்கிற குடும்பங்கள் தமிழகமெங்கும் உண்டு. தீப்பாய்ந்தவளுக்கு ஊரெல்லையில் கல் இருக்கிறது. அநியாயமாகச் செத்தவளை மக்கள் மறக்காமல் தங்களோடு வைத்துக்கொண்ட முறை இது. இதில் குற்ற உணர்வு உண்டு, அச்சமும் உண்டு. அவளைக் கொன்றவர்களே பிற்பாடு அவளைக் கும்பிட்டிருக்கிறார்கள் என்பதையும் மறுக்கவில்லை. கும்பிடுவது நீதி ஆகாது. இருந்தாலும், அவளுக்கு ஒரு பெயரும் ஓர் இடமும் ஆண்டுதோறும் ஒரு நாளும் அங்கே கிடைத்தன. உங்கள் படங்கள் அந்த மரபிலிருந்து அச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, இடத்தை அவளுக்குக் கொடுக்காமல் விரட்டிவிடுகின்றன. போதாக்குறைக்கு, மண்டையோடும் சேவல் ரத்தமும் வைத்துப் பூசை செய்பவர் தீயவர் என்றும், வெள்ளை வேட்டியும் வடமொழி மந்திரமுமாக வருபவர் மீட்பர் என்றும் பிரித்துக் காட்டி, எளிய மக்களின் வழிபாட்டையே சூனியமாக ஆக்கிவிடுகிறீர்கள்.

பேயோட்டும் சடங்கையும் ஒருமுறை கூர்ந்து பார்க்கலாம். 1990களின் தொடக்கத்தில் தென்னார்க்காடு பகுதியில் இந்தச் சடங்குகளை நேரில் ஆராய்ந்த மானிடவியலாளர் இசபெல் நபோகோவ் கண்டறிந்து எழுதிய செய்தி எனக்கு வியப்பளித்தது. அங்கே பெண்களைப் பிடித்த பேய்களில் பெரும்பாலானவை ஆண்களின் ஆவிகள். காதல் நிறைவேறாமல் தற்கொலை செய்துகொண்ட இளைஞர்கள், அகாலத்தில் செத்தவர்கள். பிடிபட்டவர்கள் புதிதாக மணமான பெண்கள்; கணவனை அண்ட விடாததுதான் பேய் பிடித்ததற்கு அடையாளம். 'பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தான் வேண்டும்' என்று நாம் சொல்லும் பழமொழியிலும் பேய் என்பவன் கணவன்தான் அல்லவா? மரம் ஏறுபவள்தான் பெண். ஊரில் ஆணாக இருந்த பேய், திரைக்கு வந்ததும் பெண்ணாகிவிட்டது. விருப்பமில்லாத திருமணத்துக்குள் தள்ளப்பட்ட ஒரு பெண்ணின் மறுப்பு பேயின் குரலில் வெளிவந்த அந்த நுட்பமான உண்மையும் வழியிலேயே தொலைந்துபோயிற்று.

அந்தச் சடங்கு பெண்ணுக்கு விடுதலை தந்தது என்று நான் சொல்ல வரவில்லை. கூந்தலின் ஒரு கற்றையை வெட்டிப் புளியமரத்தில் ஆணியடித்துவிட்டு, அவளைத் திரும்பவும் கணவன் வீட்டுக்கு அனுப்புவதுதான் அதன் நோக்கம். ஆனாலும் அங்கே பம்பை மேளம் அடித்துப் பேயோட்டும் பம்பைக்காரர் பேயைப் பார்த்து முதலில் கேட்பது, நீ யார், உன் பெயர் என்ன, எந்த ஊர், எங்கே வைத்து இவளைப் பிடித்தாய், உனக்கு என்ன வேண்டும் என்றுதான். பேயோட்டுபவர்கூடப் பெயரைக் கேட்டுவிட்டுத்தான் தொடங்குகிறார். என் அக்காள் மகள் படம் முழுக்கக் காத்திருந்ததும் அந்த ஒரு கேள்விக்காகத்தான்.

எல்லாப் படங்களையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது நியாயமாகாது. 2005இல் வந்த 'சந்திரமுகி' பேயை நம்பாமல் மனநோய் என்று சொன்னது. தன்னைச் சந்திரமுகியாக எண்ணிக்கொண்ட கங்காவை யாரும் வேப்பிலையால் அடிக்கவில்லை, ஒரு மருத்துவர் அவளோடு பேசினார். அதை நான் மதிக்கிறேன். அதே படத்தில், நாட்டியக்காரி ஒருத்தியைத் தன் அரண்மனைக்குக் கொண்டுவந்து அடைத்து, அவள் காதலனின் தலையை வெட்டி, அவளை உயிரோடு எரித்த வேட்டையன் என்ற அரசனுக்குத்தான் அரங்கமே விசிலடித்தது. படம் பார்த்துவிட்டு வந்த சிறுவர்கள் அவனைப்போலத்தான் நடந்து காட்டினார்கள். எரிந்தவளின் கதை ஒரு பாட்டுக்கும் சில நிமிடங்களுக்கும் சுருங்கிவிட்டது.

2009இல் வந்த 'ஈரம்' எனக்கு மிகவும் நெருக்கமான படம். அதில் ரம்யாவைக் கொல்பவன் முகமூடி அணிந்த அயலானோ அடியாள் கூட்டமோ இல்லை, அவளுடைய கணவன். அவனுடைய சந்தேகத்துக்கு அடுக்குமாடிக் குடியிருப்பின் வம்புப் பேச்சு தூபம் போடுகிறது. ஒரு பெண்ணைப் பற்றிப் படிக்கட்டில் நின்று போகிற போக்கில் சொல்லப்படும் ஒரு சொல், எப்படி அவள் கழுத்தைச் சுற்றும் கயிறாகிறது என்பதை அந்தப் படம் தண்ணீரைக் கொண்டே காட்டியது. இந்தியாவில் பெண்களுக்கு எதிரான குற்றங்களாகப் பதிவாகிறவற்றில் ஆண்டுதோறும் பெரும்பங்கு, கணவனும் அவன் உறவினர்களும் இழைக்கும் கொடுமைதான் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் சொல்கின்றன. அப்படியிருக்க, பேய்ப்படங்களின் வில்லன் ஏன் எப்போதும் வெளியே இருந்தே வருகிறான்? ஆபத்து வீட்டுக்குள் இருக்கிறது என்பதை வேறு எந்த வகையைவிடவும் நன்றாகச் சொல்லக்கூடிய வடிவம் உங்கள் கையில் இருக்கிறது. பேய்ப்படத்தின் களமே வீடுதானே.

2011இல் வந்த 'காஞ்சனா'வைப் பற்றி எனக்கு இரண்டு மனம். தமிழ்நாட்டில் திருநங்கைகள் நல வாரியம் 2008இல் அமைந்து மூன்றே ஆண்டுகளில், ஒரு திருநங்கை தன் வளர்ப்பு மகளை மருத்துவராக்க உழைப்பதையும், அந்தத் திருநங்கையின் நிலம் பறிக்கப்பட்டு அவள் கொல்லப்படுவதையும் ஒரு வெகுமக்கள் படம் சொன்னது பெரிய செய்தி. சரத்குமார் அந்தப் பாத்திரத்தைக் கேலியின்றி, கண்ணியத்தோடு நடித்தார். ஆனால் அந்தக் கண்ணியம் ஃப்ளாஷ்பேக்குக்குள் மட்டுமே இருந்தது. அதற்கு முன், கதாநாயகன் உடலில் புகுந்த பெண்மை முழுக்கச் சிரிப்புக்குரியதாகவே காட்டப்பட்டது. இது அந்த ஒரு படத்தின் குறை என்று சொல்ல மாட்டேன். ஆணின் உடலில் பெண் ஆவி புகுந்தால் சேலை, மஞ்சள், நடை என்று அது நகைச்சுவை. பெண்ணின் உடலில் ஆவி புகுந்தால் கயிறு, சாட்டை, வேப்பிலை என்று அது தண்டனை. இந்த இரட்டை அளவுகோலை வைத்தே பதினைந்து ஆண்டுகளாகப் படங்கள் வந்துகொண்டிருக்கின்றன. பருமனான பெண், கறுத்த பெண், பல் எடுப்பான பெண் திடீரென்று திரும்பினால் நாயகனின் நண்பர் அலறுவார் என்ற காட்சியும் அதே காலத்தில்தான் பெருகியது. அந்தத் துணை நடிகைகள் வீட்டுக்குப் போய்த் தங்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து அந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள்.

சாட்டையையும் கயிற்றையும் பற்றிச் சொன்னேன். அதை வெறும் திரைக்காட்சி என்று கடந்துபோக என்னால் முடியவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தீப்பிடித்தபோது ஓட வழியின்றி எரிந்து போனார்கள். 28 பேர். பேய் பிடித்தது, செய்வினை என்று குடும்பங்கள் நம்பி அங்கே கொண்டுவந்து விட்டவர்களும் அங்கே இருந்தார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளிகளைச் சங்கிலியால் கட்டுவதைத் தடைசெய்திருக்கிறது. திரையில் இன்னும் பெண்களைக் கட்டிலோடு கட்டிப்போட்டு, புகை போட்டு, அடித்துத்தான் குணப்படுத்துகிறோம். அடித்ததும் அவர்கள் குணமாகியும் விடுகிறார்கள். பிள்ளைப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வில் தூங்காமல் அழும் ஒரு தாயை மருத்துவரிடம் கொண்டுபோவதா மந்திரவாதியிடம் கொண்டுபோவதா என்று ஒரு குடும்பம் யோசிக்கும் நேரத்தில், அவர்கள் பார்த்து வளர்ந்த காட்சிகளும் அந்த முடிவில் பங்கு கொள்கின்றன என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தணிக்கை விதிகள் இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட முடியாது. 1991ஆம் ஆண்டின் சான்றளிப்பு வழிகாட்டுதல்கள் பெண்களை இழிவுபடுத்தும் காட்சிகள் கூடாது என்கின்றன. பாலியல் வன்முறைக் காட்சிகளைத் தவிர்க்க வேண்டும், கதைக்கு இன்றியமையாதவை என்றாலும் மிகக் குறைத்து, விவரமின்றிக் காட்ட வேண்டும் என்கின்றன. 2023இல் திரைப்படச் சட்டம் திருத்தப்பட்டு, பெற்றோர் வழிகாட்டுதலோடு பிள்ளைகள் பார்க்கலாம் என்ற யுஏ பிரிவு 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரிக்கப்பட்டது. இவையெல்லாம் எவ்வளவு காட்டலாம் என்பதைத்தான் அளக்கின்றன. எதற்காகக் காட்டுகிறோம் என்பதை அளப்பதில்லை. ஒரு வன்முறைக் காட்சியில் ரத்தத்தைக் குறைத்து மங்கலாக்கிவிட்டாலும், கேமரா தாக்குகிறவனின் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு அவளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால், அந்தக் காட்சி யாருடைய கண்ணால் எடுக்கப்பட்டது என்பது மாறிவிடாது. வெட்டுவதற்கு வாரியம் இருக்கிறது. கேமராவை எங்கே வைப்பது என்பது உங்கள் முடிவு.

அப்படி வேறிடத்தில் வைக்க முடியும் என்பதற்கும் தமிழிலேயே சான்று இருக்கிறது. 2019இல் அஸ்வின் சரவணன் இயக்கிய 'கேம் ஓவர்' படத்தின் நாயகி ஸ்வப்னா, பாலியல் வன்முறைக்கு ஆளாகி உயிரோடு இருப்பவள். இருட்டைக் கண்டால் அவளுக்கு மூச்சு முட்டுகிறது. அவளுக்கு நேர்ந்ததை விலாவாரியாகக் காட்டி நம்மைப் பதற வைக்க அந்தப் படம் முயலவில்லை. அது அவள் உடலில் எப்படித் தங்கிவிட்டது என்பதைத்தான் காட்டியது. அதில் இறந்துபோன இன்னொரு பெண் வருகிறாள். பழிவாங்க ஓர் உடலைத் தேடி அலையாமல், உயிரோடு இருப்பவளுக்குத் துணையாக வருகிறாள். வீட்டு வேலைக்கு இருக்கும் கலாம்மாவுக்கும் ஸ்வப்னாவுக்கும் நடுவே உள்ள பரிவு, எத்தனையோ காதல் படங்களில் இல்லாத அளவுக்கு உண்மையானது. அந்தத் திரைக்கதையை இயக்குநரோடு சேர்ந்து எழுதியவர் காவ்யா ராம்குமார் என்ற பெண். இதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

ஆகவே என் முதல் வேண்டுகோள் கதை விவாதம் நடக்கும் அறையைப் பற்றியது. பெண் பேய் அலறுவதற்கு எந்த நொடியில் ஒலியை உயர்த்தலாம் என்று பத்து ஆண்கள் உட்கார்ந்து நாள்கணக்கில் பேசுகிறீர்கள். அந்த அறையில் இரவுப்பணி முடிந்து தனியாக வீடு திரும்பும் ஒரு செவிலியரை ஒரு நாள் உட்கார வைத்துக் கேளுங்கள். மாமியார் வீட்டின் சமையலறையில் மண்ணெண்ணெய் வாசத்துக்கு நடுங்கிய ஒரு பெண்ணைக் கேளுங்கள். விடுதி அறையின் குளியலறையில் கேமரா இருக்குமோ என்று விளக்கை அணைத்துவிட்டுக் குளிக்கும் மாணவியைக் கேளுங்கள். ஒரு திருநங்கையிடம், அவர் எந்தத் தெருவில் எந்த நேரத்தில் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடப்பார் என்று கேளுங்கள். அவர்களுக்கு உரிய ஊதியம் கொடுங்கள். பெயரையும் திரையில் போடுங்கள். நீங்கள் இதுவரை படமாக்காத அச்சங்கள் அங்கே ஏராளமாக இருக்கின்றன.

இரண்டாவது, அவளை எழுதுகிறபோது சாவிலிருந்து பின்னோக்கி எழுதாதீர்கள். அவளுக்கு எந்தப் பாட்டுப் பிடிக்கும், யாரிடம் சண்டை போட்டாள், எந்தப் பொய்யைச் சொல்லி மாட்டிக்கொண்டாள் என்று தொடங்குங்கள். அவள் நல்லவளாக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. அவள் புகார் கொடுக்கப் போன இடத்தில் எழுதிக்கொள்ள மறுத்தவரையும், வெளியே சொல்லாதே என்ற அம்மாவையும், கதவு தட்டும் சத்தம் கேட்டும் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டிய பக்கத்து வீட்டுக்காரரையும் எழுதுங்கள். அவர்கள்தான் எனக்குப் பயமூட்டுகிறார்கள். பேய் வந்து அவர்களைக் கொல்ல வேண்டாம். அவர்கள் மறுநாள் காலையில் எழுந்து பல் துலக்குவதைக் காட்டினாலே போதும்.

என் அக்காள் மகள் இப்போதும் பேய்ப்படம் பார்க்கிறாள். அடுத்த மாதம் வரப்போகும் ஒன்றுக்கு அழைத்துப்போகச் சொல்லி இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டாள். முன்னோட்டத்தில் மீண்டும் ஒரு பங்களாவும், ஒரு கண்ணாடியும், கூந்தலால் முகம் மறைந்த ஒருத்தியும் இருக்கிறார்கள். போகும் வழியிலேயே அவளுக்கு ஒரு பெயர் வைத்துவிடலாம் என்று இவள் என்னிடம் சொல்லியிருக்கிறாள். என்ன பெயர் என்று இரண்டு நாள்களாக யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

அன்புடன்,
உங்கள் பார்வையாளர்களில் ஒருத்தி